மேல் வீட்டு ஃபியூஸ் கட்டை

பால்ராஜ் அண்ணனா உங்களை அனுப்பினார்? என்னைக் கேட்கச் சொன்னாரா? என்னையா? மேல் வீட்டு சகாயராணி அக்காவைச் சொல்லியிருப்பார். இல்லையா? 'கீழ் வீட்டில் பாடம் வாசிக்கிற பொண்ணு' என்றே சொன்னாரா? அப்படியானால் நான்தான்.

உள்ளே வாருங்கள் அம்மா. அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். மேலே கேட்கிறதே, அது தையல் மிஷின். நாள் முழுவதும் இப்படித்தான். நான் மெதுவாகத்தான் பேசுவேன். கொஞ்சம் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தால் கேட்கும்.

புது வீடு எங்கே கட்டுகிறீர்கள்? சோமரசம்பேட்டையிலா? நல்ல காற்று வருமே. வயரிங் வேலையை பால்ராஜ் அண்ணனுக்குக் கொடுக்கலாமா என்று விசாரிக்க வந்திருக்கிறீர்கள். புரிகிறது. அவர் வயரிங் செய்த வீட்டில் மீட்டர் போர்டு எரிந்துபோனது என்று உங்கள் கணவரிடம் யாரோ சொல்லியிருப்பார்கள். உறையூரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எரிந்தது இந்த வீட்டில்தான். நீங்கள் ஏறி வந்தீர்களே வாசற்படி, அதற்கு இடது பக்கம், மாடிப்படிக்குக் கீழே.

எனக்கு வயரிங்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் படித்தது எம்.ஏ. வரலாறு. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. இந்தத் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

இந்த வீட்டில் மூன்று குடித்தனம். மேலே சகாயராணி அக்கா. கீழே முன்பக்கம் நானும் என்னோடு படித்த வசந்தியும். வசந்தி பேங்க்குக்குப் போனால் இருட்டித்தான் வருவாள். பின்பக்கம் பால்ராஜ் அண்ணனும் அவர் மனைவியும் இருந்தார்கள். இந்த வீடு கட்டும்போது வயரிங் செய்தவரே அவர்தான். வேலை பிடித்துப்போய் வீட்டுக்காரர் செல்லையா சார் அவரையே பின்பக்கம் குடிவைத்தார். பதினோரு வருடம். நான் வந்தது போன பிப்ரவரியில்.

எனக்கு என்ன வேலை தெரியுமா? சென்னையில் ஒரு கம்பெனி. பள்ளிக்கூடப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். பிள்ளைகள் செல்போனில் போட்டுக் கேட்பார்கள். முகத்தைக் காட்ட வேண்டியதில்லை. நான்கு பேருக்கு முன்னால் நிற்க வேண்டியதில்லை. எனக்கென்றே செய்த வேலை. கூட்டத்தைக் கண்டால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். கல்லூரியில் மூன்று வருடம் வருகைப் பதிவுக்குக்கூட எனக்குப் பதிலாக வசந்திதான் குரல் கொடுத்தாள்.

மூன்று மாதம் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் நிரந்தரம். இல்லையென்றால் ஜெயங்கொண்டத்துக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். அப்பா ஏற்கனவே ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார். "மூணு மாசம் தர்றேன். அதுக்கப்புறம் நான் சொல்றதுதான்" என்று பஸ் ஏற்றிவிடும்போதே சொன்னார். எங்கள் வீட்டை ஒட்டி மாவு மில். அங்கே இருந்துகொண்டு ஒரு வரி பதிவு செய்ய முடியாது. அதனால்தான் இங்கே வந்தேன். அமைதியான தெரு என்று சொன்னார்கள்.

முதல் வாரம் அனுப்பிய ஒன்பது பாடத்தில் ஏழு திரும்பி வந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே சிவப்பில் 'பின்னணியில் சத்தம்' என்று போட்டிருந்தார்கள். பீரோவைத் திறந்து புடவைகளுக்கு நடுவே மைக்கை வைத்தேன். மெத்தையைச் சுவரில் சாய்த்தேன். போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, மார்ச் மாத வெயிலில், வியர்த்து வழிய வாசித்தேன். அப்படியும் திரும்பி வந்தது. தலைக்கு நேர் மேலே மிஷின். அது மட்டுமா? மிஷினை மிஞ்சி ரேடியோ. ரேடியோவை மிஞ்சி சகாயராணி அக்கா பாடுவார். துணி வெட்டும் மேசையைக் கரகரவென்று இழுப்பார். வெட்டிய துண்டுத் துணியும் நூலும் மாடிப்படி முழுக்கக் கிடக்கும். பொதுப் படி, நாம் எல்லோரும் நடக்கிற படி என்கிற நினைப்பே கிடையாது.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லத்தான் போனேன். ஒரு நாள் இல்லை, மூன்று நாள் போனேன். பாதிப் படி ஏறியதும் உள்ளே அவர் யாரிடமோ போனில், "அட போடி இவளே!" என்று சிரிப்பது கேட்கும். திரும்பி வந்துவிடுவேன்.

பிறகு ஒரு சீட்டு எழுதி அவர் கதவிடுக்கில் செருகினேன். 'தயவுசெய்து மதியம் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை மிஷின் ஓட்ட வேண்டாம்.' அவ்வளவுதான். பெயர் போடவில்லை. பெயர் போட்டால் சண்டை போட்ட மாதிரி ஆகிவிடாதா?

அரை மணி நேரத்தில் அந்தச் சீட்டோடு கீழே வந்தார்.

"ஏம்மா சுகந்தி, இதப் பாரேன். எவனோ எழுதிப் போட்டிருக்கான். பேரு போடத் துப்பில்ல. எழுத்தப் பாரு, முத்து முத்தா! படிச்ச களவாணி போலருக்கு. உனக்கு யாருன்னு தெரியுதா?"

"தெரியலக்கா."

"பின்னாடி இருக்கிறவனா இருக்குமோ? போன வாரம் நூலு அள்ளுங்கன்னு ஒரு மாதிரியா சொன்னான்."

நான் சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் என் ஜாக்கெட்டைப் பார்த்து, "யாரு தச்சது இத, கை இப்படித் தூக்குது?" என்று சொல்லி, அப்போதே கழற்றி வாங்கிப்போய்ச் சரிசெய்து கொடுத்தார். காசு வாங்கவில்லை. அவர் நல்லவர்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. சத்தம்தான்.

ஃபியூஸ் கட்டை எனக்கு எப்படித் தெரியும் என்றால், காட்டிக்கொடுத்ததே பால்ராஜ் அண்ணன்தான். ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு மட்டும் கரண்ட் போனது. மாடிப்படிக்குக் கீழே கூட்டிப்போய்க் காட்டினார். "பயப்படாதீங்க டீச்சரம்மா. மூணு கட்ட. இது உங்களுது, இது எங்களுது, மேல இருக்கிறது மேல் வீடு. இப்படிப் புடிச்சு நேரா இழுக்கணும். திரும்ப வைக்கிறப்ப நல்லா அழுத்தி உக்கார வைக்கணும். அவ்ளோதான், இனிமே என்னத் தேட வேண்டாம்." என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார். பின்பக்கச் சுவர் வழியாக நான் வாசிப்பது கேட்குமாம். "உங்க பாடத்தக் கேட்டுக் கேட்டு எம் பொண்டாட்டி சோழர் பரம்பரைய மனப்பாடமாச் சொல்றா" என்பார்.

அந்தக் கட்டையை முழுதாகப் பிடுங்க வேண்டியதே இல்லை அம்மா. லேசாக வெளியே இழுத்து விட்டால் போதும். பார்ப்பதற்கு இருந்த இடத்திலேயே இருக்கும். மேலே மிஷின் நிற்கும், ரேடியோ நிற்கும். அந்த அமைதி இருக்கிறதே! நான் ஓடிவந்து போர்வைக்குள் புகுந்து வாசிக்க ஆரம்பிப்பேன். பாடம் முடிந்ததும் போய் அழுத்தி வைத்துவிடுவேன். எடுத்ததை வைத்துவிடுகிறேன், அதில் என்ன தப்பு? செருப்புச் சத்தம் மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று வெறுங்காலோடுதான் போவேன். அங்கே குழாய் ஒழுகித் தரை எப்போதும் ஈரமாக இருக்கும். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

எத்தனை தடவையா? நான் எண்ணவில்லை. பாடத்தை வைத்துச் சொல்லலாம். நாற்பத்து மூன்று பாடம்.

கரண்ட் போனால் சகாயராணி அக்கா கட்டையைத் தொட மாட்டார். பயம். பால்ராஜ் அண்ணனுக்குப் போன் போடுவார். அவர் தில்லைநகரில் எங்கேயாவது ஏணி மேல் நிற்பார். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வருவார். அவர் வருவதற்குள் என் பாடம் முடிந்து மேலே மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்.

"நான் வர்றதுக்குள்ள எப்படிக்கா வந்துச்சு?"

"என்னக் கேட்டா? நீதான வயரு இழுத்த? பேய் புடிச்ச மாதிரி போகுது, வருது!"

முதலில் கட்டையின் செம்பு நுனியை உப்புத்தாளால் தேய்த்தார். அடுத்த வாரம் புதுக் கட்டை வாங்கிப் போட்டார். அதற்கடுத்து மீட்டரிலிருந்து மேல் வீட்டுக்குப் போகும் வயரையே உருவிப் புது வயர் இழுத்தார். எல்லாம் அவர் கைக்காசு. அவர் வேலை செய்யும்போது நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். டெஸ்டரை வைத்துப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், மறுபடி வைத்துப் பார்ப்பார். பார்க்கப் பாவமாக இருக்கும். ஒரு நாள் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

படியில் உட்கார்ந்து கட்டையை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே சொன்னார். "இருவத்திரண்டு வருசமா இதே தொழிலு டீச்சரம்மா. முடிச்சுக் கொடுத்த வீட்டுல, சரியில்லன்னு ஒருத்தர் என்னத் திருப்பிக் கூப்பிட்டதில்ல. இதுல என்னமோ ஒண்ணு எனக்குப் பிடிபடல."

"சரியாயிடும்ண்ணே" என்றேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

அந்த வெயிலில் இன்னொரு தொல்லையும் வந்தது. கரண்ட் போனால் மேலே காற்றாடி இல்லை. சகாயராணி அக்கா கீழே இறங்கி என் கதவைத் தட்டுவார். "சுகந்தி, கொஞ்ச நேரம் ஒன் காத்தாடில உக்காந்துக்கறேன்டி, வேகுது." நான் மூச்சுக்கூட விடாமல், வீட்டில் இல்லாத மாதிரி இருந்துகொள்வேன். அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டு தானாகப் பேசிக்கொண்டிருப்பார். "ஜூன் ஒண்ணாந்தேதி முன்னூறு யூனிபாரம் கொடுக்கணும், நான் எங்க போவேன்?" என்று புலம்புவார். கதவுக்கு இந்தப் பக்கம் என் பதிவு கெட்டுக்கொண்டிருக்கும். அப்படிக் கெட்டதே ஐந்தாறு பாடம். அவர் எழுந்து போனால்தான் நான் கட்டையை அழுத்தவும் போக முடியும். மற்றவர்களைப் பற்றி யோசிக்கவே தெரியாது சில பேருக்கு.

மே மாதத்தில் இருவருக்கும் பேச்சு முற்றிவிட்டது. முற்றத்தில் நின்று கத்துவார்கள். "உனக்குத் தொழிலு தெரியலன்னா ஒத்துக்கய்யா!" "ஒங்க மிஷின் மோட்டாரக் கொண்டுபோய்க் காட்டுங்க மொதல்ல!" அக்கா காட்டினார். மோட்டாரில் ஒன்றும் கோளாறு இல்லை. அதன் பிறகு அவர் பால்ராஜ் அண்ணனைத் தெருவிலேயே நிறுத்திப் பேச ஆரம்பித்தார். எதிர் வீட்டில் ஏ.சி. மாட்ட வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். முனைக் கடைக்காரர் போர்டு விளக்குக்கு வேறு ஆளைக் கூப்பிட்டார். பால்ராஜ் அண்ணனின் வண்டி பகலிலேயே வீட்டு வாசலில் நிற்கத் தொடங்கியது.

அவர் வீட்டிலேயே இருந்தால் எனக்கு எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள். பின்பக்கக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மேலே காலடி கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பாடத்துக்கு நான் பட்ட பாடு அந்தக் கம்பெனிக்குத் தெரியாது.

மே இருபத்தாறாம் தேதி. மூன்று மாதம் முடிய இரண்டு நாள். ஒரே ஒரு பாடம் பாக்கி. ஏழாம் வகுப்பு அறிவியல், மின்சுற்று. கட்டையை இழுத்துவிட்டு வந்து வாசித்தேன். 'இணைப்பு தளர்வாக இருந்தால் அவ்விடத்தில் வெப்பம் உண்டாகும். அது தீ விபத்துக்கு வழிவகுக்கும்.' இந்த வரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மிக அழகாக வந்தது. கம்பெனியில் பாராட்டி எழுதினார்கள்.

முடித்துவிட்டுக் கட்டையை அழுத்தப் போனேன். கை வைத்த நேரம் பின்பக்கத் தாழ்ப்பாள் சத்தம். சட்டென்று தள்ளிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க நேரமில்லை. மேலே மிஷின் ஓடியது. ஓடுகிறது என்றால் சரியாகத்தானே இருக்கிறது? நான் படுத்துவிட்டேன். அக்கா இஸ்திரிப் பெட்டியையும் போட்டிருக்கிறார். முன்னூறு யூனிபாரம் இல்லையா.

ஒரு மணி நேரம் இருக்கும். பிளாஸ்டிக் தீய்கிற நாற்றம். 'பட் பட்' என்று வெடிக்கிற சத்தம். கதவைத் திறந்தால் மாடிப்படிக்குக் கீழே ஒரே புகை, அதற்குள் நீலமாக வெளிச்சம். மேலே அக்கா, "ஐயோ, எறங்க முடியலையே!" என்று கத்துகிறார். படிக்குக் கீழேதானே எரிகிறது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பால்ராஜ் அண்ணன்தான் ஓடிவந்தார். துணி காயப்போடுகிற மூங்கில் கழியை எடுத்து அந்தக் கட்டையை அடித்துக் கீழே தள்ளினார். மணலை வாரி வாரி வீசினார். பலகை பெயர்ந்து அவர் வலது கையில் விழுந்தது. அந்தக் கையோடேயே மேலே போய் அக்காவைத் தோளில் துணியைப் போர்த்தி இறக்கிக் கொண்டுவந்தார். உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது.

மறுநாள் செல்லையா சார் வந்தார். எல்லோரையும் முற்றத்தில் நிற்கவைத்தார். எரிந்த பலகை நடுவில் கிடந்தது.

"பால்ராஜ், நீ போட்ட போர்டுய்யா இது. ஒரு உசுரு போயிருக்கும்."

"சார், இது வேலைக் கோளாறு இல்ல. கட்ட சரியா உக்காரல. நான் வச்சா உக்காரும் சார்."

"அப்ப நீ வைக்காம வேற யாரு வச்சா?"

பால்ராஜ் அண்ணன் கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு தரையையே பார்த்தார். சார் என் பக்கம் திரும்பினார். "நீ கீழயே இருக்கிறவ. யாரும் இதுல கை வச்சதப் பாத்தியாம்மா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்கு பேர். சத்தியமாகச் சொல்கிறேன், வாய் திறக்கத்தான் நினைத்தேன். சகாயராணி அக்காவே, "அதப் போய்க் கேக்கறீங்களே சார், அது வாயில்லாப் பூச்சி" என்றார். சார், "சரி, விடுங்க" என்றார். விட்டுவிட்டார்கள். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை பாருங்கள்.

ஒரு வாரத்தில் பால்ராஜ் அண்ணனைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். பதினோரு வருடச் சாமான் ஒரு குட்டி யானை வண்டிக்குள் அடங்கிவிட்டது. கிளம்புவதற்கு முன்னால் என் வாசலுக்கு வந்தார்.

"டீச்சரம்மா, வேல நெரந்தரமாயிடுச்சா?"

"ஆயிடுச்சுண்ணே."

"நல்லது, நல்லா இருங்க." படி இறங்கித் திரும்பினார். "கரண்ட் பக்கம் போறப்ப கால்ல செருப்பு இருக்கணும்மா. தர ஈரமா கெடக்குது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா ஒங்க அப்பா அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?"

எதற்காக என்னிடம் அதைச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. தொழில் தெரிந்தவர், எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லியிருப்பார்.

இப்போது மீட்டருக்குப் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி வைத்துவிட்டார்கள். அதனால் நான் காலை ஐந்தரைக்கே எழுந்து பதிவு செய்துவிடுகிறேன். அப்போது ஒரு சத்தமும் இருக்காது. ஒன்றுகூடத் திரும்பி வருவதில்லை. முன்பே அப்படிச் செய்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். காலையில் சீக்கிரம் எழுந்தால் எனக்குத் தலை வலிக்கும்.

என்ன அம்மா அப்படிப் பார்க்கிறீர்கள்? அண்ணனின் வேலையில் குறை இல்லை, அதைத்தானே சொல்கிறேன். தாராளமாகக் கொடுங்கள். ஆனால் நான் சொன்னதாக மட்டும் யாரிடமும் சொல்ல வேண்டாம். காரணம் சொல்லாமல் உங்கள் கணவர் எப்படி ஒத்துக்கொள்வார் என்றா கேட்கிறீர்கள்? அது... எனக்குத் தெரியவில்லை. ஏதாவது சொல்லிக்கொள்ளுங்களேன்.

பால்ராஜ் அண்ணனிடமா? நானா? இப்போதேவா? என்னத்தைச் சொல்வது? 'நான்தான்' என்று ஒரு வார்த்தையா? கெட்டது அவருடைய பெயர், உண்மையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லி அவரே அதை மீட்டுக்கொள்ளட்டும் என்கிறீர்கள். சரி, நியாயம்தான். ஆனால் இன்னொரு நாள், நான் எழுதியே கொடுத்துவிடுகிறேனே. வேண்டாம் அம்மா, போனை வையுங்கள். ரிங் போகிறதா?

கொடுங்கள்.

"ஹலோ... ஹலோ, யாரு? ... பேசுங்க... சத்தமே வரலையே..."

...

"டீச்சரம்மாவா?"

...

"சொல்லுங்கம்மா. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

...

வைத்துவிட்டேன். என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள் அம்மா? மேலே மிஷின் இப்படி ஓடினால், மனிதர் எப்படிப் பேசுவது?